சரிந்த தரையும் வாசியாத பத்திரமும்



இந்த மேடையில் எனக்கு முன்னர் நின்ற வித்துவான்கள் ராக லட்சணத்தைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் வாக்கேயகாரர்களின் சரித்திரத்தைப் பற்றியும் ஆழ்ந்து பேசிச் சென்றிருக்க, அமெரிக்க தேசத்தின் தென்பகுதியில், ஒரு நதிக்கரை நகரத்தில், மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகை ஒன்றில் சுமார் 15 ஆண்டுகள் நடந்து, பின்பு திவாலாகிக் கதவடைத்த ஓர் இசைத்தட்டுக் கம்பெனியின் கதையை நான் எடுத்துக்கொண்டது உங்களுள் சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஸ்டாக்ஸ் என்பது அந்தக் கம்பெனியின் பெயர். அதன் பாட்டுக்களை நீங்கள் பெயர் தெரியாமலே கேட்டிருக்கவும் கூடும்.

இசைத்தட்டு நிறுவனம் என்பது யாது என்று ஒருவர் வினவினால், பாடுகிறவர் ஒருவர், வாசிக்கிறவர் நால்வர், அவர்கள் எழுப்பும் நாதத்தை நாடாவிலே பிடித்துவைக்கும் யந்திரம் ஒன்று, பிடித்ததைத் தட்டுக்களாக அச்சிட்டு ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் வியாபார ஏற்பாடு ஒன்று என்று சொல்லி அவரை அனுப்பிவிடலாம். ஆனால், அந்த நாடா யாருக்குப் பாத்தியம் என்று அவர் திரும்பி வந்து கேட்பாராயின், அக்கணமே நாம் சங்கீத சபையை விட்டு நியாயஸ்தலத்தின் படியேறியவர்களாகி விடுகிறோம். தமிழிலே வாத்தியத்தை இசைப்பதற்கும் ஏட்டைப் படிப்பதற்கும் வாசித்தல் என்ற ஒரே சொல்லை நம் முன்னோர் வழங்கிவந்தது எதனாலோ நான் அறியேன். இன்று நான் சொல்லப் புகும் கதைக்கு அது மிகவும் பொருந்திவிட்டது. வாத்தியம் வாசித்தவர்கள் அனைவரும் அக்கதையிலே மகா சமர்த்தர்கள். வாசித்தே தீரவேண்டிய பத்திரம் ஒன்று மட்டும் வாசிக்கப்படாமல் கையெழுத்தாயிற்று.

டென்னஸி மாகாணத்து மெம்பிஸ், மிஸிஸிப்பி நதியின் கீழ்க்கரை மேட்டின்மேல் அமைந்த பருத்திச் சந்தை நகரம். நதிக்கு அப்பாலும் இப்பாலும் பரந்துகிடந்த பருத்திக் காடுகளில் உழைத்துச் சலித்த கறுப்பினத்தார் நகரத்துக்கு வரும்பொழுது புளூஸ் என்னும் தங்கள் பாட்டையும் கூடவே கொண்டுவந்தனர். எல்விஸ் பிரெஸ்லியை முதன்முதல் ஒலிப்பதிவு செய்த சன் கம்பெனியும் இவ்வூரில் தோன்றியதே. அதன் கதை பலரும் சொல்லிய கதையாகையால் அதனைத் தாண்டிச் செல்கிறேன்.

ஜிம் ஸ்டூவர்ட் என்பவர் பகலெல்லாம் ஒரு வங்கியில் குமாஸ்தாவாகக் கணக்கு எழுதிவிட்டு, மாலையில் நாட்டுப்புறப் பாட்டுக் குழுக்களிலே பிடில் வாசித்துவந்த வெள்ளைக்கார இளைஞர். சொந்த ஊர் மிடில்டன் என்னும் சிற்றூர். தம் பிடிலுக்குத் தக்க பாட்டுக்களைப் பதிவுசெய்து விற்கலாம் என்ற எண்ணத்துடன் 1957இல், உறவினர் ஒருவரின் மோட்டார்க் கொட்டகையில், சாட்டலைட் என்ற பெயரால் ஒரு கம்பெனியை அவர் ஆரம்பித்தார். நல்ல யந்திரம் இல்லாமல் நல்ல தட்டு வராது என்று கண்டபின், தம்மினும் 12 ஆண்டு மூத்தவரும், முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்து அப்பொழுது யூனியன் பிளாண்டர்ஸ் என்னும் வங்கியிலே வேலை பார்த்துவந்தவருமான தமக்கை எஸ்டெல் ஆக்ஸ்டனிடம் போய் நின்றார். அந்த அம்மையார் தம் கணவரை மெல்ல மெல்ல இணங்கச்செய்து, குடியிருந்த வீட்டின்மேல் 2,500 டாலர் கடன் எழுப்பி, ஆம்பெக்ஸ் ஒலிப்பதிவு யந்திரம் ஒன்றை வாங்கிக்கொடுத்தார். வங்கி உத்தியோகம், வீட்டு அடமானம் என்ற இவ்விரண்டையும் நினைவில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கதையின் முடிவிலே இரண்டும் மறுபடி வரும்.

பிரன்ஸ்விக் என்னும் கிராமத்திலே சிறிது காலம் முயன்றும் பயன் காணாமல், 1960இல் அவர்கள் மெம்பிஸுக்கே திரும்பி, கிழக்கு மக்லமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த காபிடல் தியேட்டர் என்னும் சினிமாக் கொட்டகையை மாதம் 150 டாலர் வாடகைக்குப் பிடித்தனர். இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர் சிப்ஸ் மோமன் என்ற கிதார்க்காரர். நாற்காலிகளைப் பெயர்த்தெடுத்தனர்; கூடத்தின் நடுவே தடுப்பு எழுப்பினர்; கனத்த திரைகளைத் தைத்துத் தொங்கவிட்டனர்; படம் விழுந்த மேடையிலே கட்டுப்பாட்டு அறையை அமைத்தனர்; திரைக்குப் பின்னால் இருந்த பெரிய ஒலிபெருக்கியையே பதிவானதைக் கேட்டுப் பார்ப்பதற்கு வைத்துக்கொண்டனர். பின்வரிசையில் உட்கார்ந்தவர்க்கும் படம் தெரியும்பொருட்டு மேடையை நோக்கிச் சரிந்து இறங்கிய தரையை மட்டும், சமப்படுத்தப் போதிய பணம் இல்லாமையால், அப்படியே விட்டுவிட்டனர்.

அந்தச் சரிவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. தரை சரிந்திருந்ததனால், மேற்கூரையும் தரையும் ஒன்றுக்கொன்று இணையாக நில்லாமல், எழும்பிய ஓசை மோதியவுடன் வந்த வழியே திரும்பாது விலகி விலகிச் சென்று, கூடத்தின் நீளமெல்லாம் உலாவிவிட்டு மைக்கை வந்தடைந்தது. டெட்ராய்ட் நகரத்தில் பெர்ரி கோர்டி, குடும்பத்தார் தந்த 800 டாலர் கடனுடன் 1959இல் தொடங்கிய மோட்டவுன் கம்பெனியின் தட்டுக்களிலே மெருகும் அளவும் நேர்த்தியும் விஞ்சி நிற்க, மெம்பிஸ் தட்டுக்களிலே பெரிய வெற்றிடத்தில் மனிதர் சிலர் ஒன்றாக நின்று பாடுவதுபோன்ற ஓர் ஆழமும் கரடுமுரடும் இருப்பதைக் காது பழகியவர் எளிதில் உணர்வர். டெட்ராய்ட்காரர் தம் வாசலில் ‘ஹிட்ஸ்வில்’ என்று எழுதிவைக்க, மெம்பிஸ்காரர் தம் கொட்டகை முகப்பில், படத்தின் பெயர் போடும் பலகையிலே, ‘சோல்ஸ்வில்’ என்று எழுதிக்கொண்டனர். முன்னது ஜயித்த பாட்டுக்களின் ஊர். பின்னது ஆன்மாவின் ஊர். இந்த விளம்பரச் சண்டையில் நான் மெம்பிஸ் கட்சி என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

கொட்டகையின் முன்புறத்திலே முன்பு மிட்டாய் விற்ற இடத்தில் எஸ்டெல் அம்மையார் ஓர் இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். வெள்ளையர் வீடுகளை விற்றுவிட்டு ஒவ்வொருவராக வெளியேறக் கறுப்பினத்தார் குடியேறிவந்த வட்டாரம் அது; பள்ளி விட்டதும் பிள்ளைகள் கடையில் வந்து குவிந்தனர். வாங்கக் காசில்லாத பிள்ளையையும் நின்று கேட்க அனுமதித்த அம்மையார், உள்ளே அன்று பதிவான பாட்டைக் கடையிலே போட்டுவிட்டு, எந்த இடத்தில் பிள்ளைகளின் கால் தானாக ஆடுகிறது, எந்த இடத்தில் அவர்கள் பேச்சுக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்று கண்ணால் அளந்துவந்து தம்பியிடம் சொல்வார். தெருவுக்கு எதிரே மளிகைக் கடையில் சாமான் கட்டிக்கொடுத்துவந்த டேவிட் போர்ட்டர் என்ற பையன் இப்படித்தான் உள்ளே நுழைந்தான், புக்கர் டீ. ஜோன்ஸ் என்ற பள்ளி மாணவனும் இக்கடையின் தட்டுக்களைக் கேட்டே வளர்ந்தவன். சரித்திரம் எழுதுவோர் தம்பியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினால் தமக்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறார்கள். கடை மட்டும் இல்லாதிருந்தால் கம்பெனிக்குள் பாட்டு நுழைந்திருக்கவே வழி இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கறுப்பினத்தாரின் சங்கீதத்தை ஸ்டூவர்ட் அதுவரை அறிந்தவர் அல்லர். ரே சார்ல்ஸின் பாட்டு ஒன்றைக் கேட்டபின்பே தமக்குக் கண் திறந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். WDIA என்னும் கறுப்பினத்தார் வானொலியில் அறிவிப்பாளராக இருந்துகொண்டே துணி ஆலையிலும் வேலை பார்த்துவந்த ரூஃபஸ் தாமஸ் என்பவர், பதின்ம வயதுப் பெண்ணான தம் மகள் கார்லாவை அழைத்துவந்து, 1960இல் இருவருமாகப் பாடிய ‘காஸ் ஐ லவ் யூ’ என்ற பாட்டு உள்ளூரிலே நன்றாக விற்றது. அப்பாட்டுக்குப் பாரிடோன் சாக்ஸபோன் வாசிக்க, போர்ட்டர் போய் புக்கர் டீயை வகுப்பிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தான் என்பது அவ்வூரில் இன்றும் சுவையாகச் சொல்லப்படும் சம்பவம்.

இத்தட்டின் விற்பனையைக் கண்டு நியூயார்க்கிலிருந்து கை நீட்டியவர் அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர். மெம்பிஸில் பதிவானதை அட்லாண்டிக் நாடெங்கும் விற்றுக்கொடுப்பது, விற்றதில் ஒரு பங்கை ஸ்டூவர்ட்டுக்குத் தருவது என்பது ஏற்பாடு. முன்பணமாக 5,000 டாலர் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, கை குலுக்கியதே உடன்படிக்கை. அடுத்து கார்லா தனியாகப் பாடிய ‘ஜீ விஸ்’ தேசப் பட்டியலின் முதல் பத்துக்குள் ஏறிற்று. 1961இல் மார்க்கீஸ் என்ற குழுவின் ‘லாஸ்ட் நைட்’ மூன்றாம் இடத்தைப் பிடிக்கவே, சாட்டலைட் என்ற பெயருக்குத் தாங்களே முன்னமே பாத்தியம் உடையவர்கள் என்று கலிபோர்னியாவிலிருந்து ஒரு கம்பெனி எழுதிற்று. ஸ்டூவர்ட் பெயரின் முதல் எழுத்துக்களையும் ஆக்ஸ்டன் பெயரின் முதல் எழுத்துக்களையும் ஒட்டவைத்து ஸ்டாக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டனர். வோல்ட் என்ற துணைப் பெயரும் உடன் பிறந்தது.

1962ஆம் ஆண்டு கோடையில் ஒரு நாள், பாட வேண்டியவரின் பதிவு நடவாமற்போக, கூலிக்கு வந்திருந்த வாத்தியக்காரர் நால்வர் சும்மா இருக்க மனமின்றி எதையோ வாசித்துக்கொண்டிருந்தனர். யந்திரம் ஓடிற்று. ஒரு புளூஸ் மெட்டைப் பதிவுசெய்த பிறகு, தட்டின் மறுபக்கத்துக்கு ஏதேனும் வேண்டுமே என்பதற்காக, 17 வயதான புக்கர் டீ தாம் முன்பே விரலில் பழக்கிவைத்திருந்த ஆர்கன் துணுக்கு ஒன்றை எடுக்க, மற்றவர்கள் தொடர, ‘கிரீன் ஆனியன்ஸ்’ பிறந்தது. தேசப் பட்டியலில் அது மூன்றாம் இடத்துக்கு ஏறியது. மறுபக்கத்தை நிரப்ப வந்தது முன்பக்கத்தை விழுங்கிவிட்டது.

புக்கர் டீயும் எம்ஜீஸும் என்ற அந்தக் குழுவிலே ஆர்கன் புக்கர் டீ, டிரம்ஸ் அல் ஜாக்சன், கிதார் ஸ்டீவ் க்ராப்பர், பேஸ் கிதார் லூயி ஸ்டைன்பெர்க். ஸ்டைன்பெர்க்குக்குப் பிறகு டக் டன் வந்தார். டன் வந்தபின் இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். இன்று இதைக் கேட்பவர்க்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. ஆனால், நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னும் இரு இனத்துக் குழந்தைகளும் ஒரே நீரில் நீந்துவதைக் காண மனமில்லாமல் 1963இல் நகராட்சி தன் நீச்சல் குளங்களை மூடிவைத்த ஊர் அது என்பதையும், ஒரு சுவருக்குள் நாளெல்லாம் ஒன்றாக வாசித்த அந்த நால்வர் வெளியே வந்தால் ஒரே ஹோட்டலில் உட்கார்ந்து உண்ண முடியாதிருந்தது என்பதையும் சேர்த்து நினைக்கும்பொழுதுதான் அந்தக் கொட்டகையின் உள்ளே நிலவிய வழக்கம் எவ்வளவு அபூர்வமானது என்று விளங்கும். அவர்கள் சீர்திருத்தக்காரர்கள் அல்லர். யாரும் பிரசங்கம் செய்யவில்லை. வாசிக்கத் தெரிந்தவன் வாசித்தான், அவ்வளவே.

இக்குழுவின் லயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு அடிகளுள் இரண்டாவதும் நான்காவதும் கனமாக விழுவது அவர்கள் சங்கீதத்தின் பொது வழக்கம். எம்ஜீஸின் வாசிப்பிலோ அவ்வடி விழவேண்டிய இடத்தை ஓர் இமைப்பொழுது தாண்டி, பின்னுக்குச் சாய்ந்தாற்போல் விழும். நம் தாள சாஸ்திரம் சொல்லும் எடுப்பு வேற்றுமையோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. கணக்கு மாறவில்லை, கை மட்டுமே தயங்குகிறது. 1965இல் வில்சன் பிக்கெட் என்ற பாடகரைப் பதிவுசெய்ய வந்த வெக்ஸ்லர், அக்காலத்து இளைஞர்கள் ஆடிய ஜெர்க் என்னும் நடனத்தில் கால் எங்கே ஊன்றப்படுகிறது என்று காட்டுவதற்காகக் கட்டுப்பாட்டு அறையை விட்டு ஓடிவந்து, கோட்டும் ஸூட்டுமாகத் தாமே ஆடிக்காட்டினார். க்ராப்பரும் ஜாக்சனும் அவர் காலைப் பார்த்து அடியைத் தள்ளிவைக்க, அந்தத் தயக்கம் அன்றுமுதல் கம்பெனியின் முத்திரையாகவே நிலைத்துவிட்டது. கம்பெனி முதலாளி ஆடிக்காட்டிய நடனத்தால் ஒரு லய சம்பிரதாயம் உறுதிப்பட்டதை வேறெந்தச் சங்கீத சரித்திரத்திலும் நான் கண்டதில்லை.

1962 அக்டோபரில் ஜார்ஜியா மாகாணத்து மேக்கன் நகரிலிருந்து ஒரு கிதார்க் குழு பதிவுக்கு வந்தது. அவர்களுக்குக் கார் ஓட்டிவந்த வாட்டசாட்டமான வாலிபன் ஒருவன், தானும் ஒரு பாட்டுப் பாடுவதாக அன்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தான். பதிவு சரியாக அமையாமல் நேரம் மட்டும் சிறிது மீந்தது. போனால் போகிறது என்று பாடவிட்டனர். அவனே ஓடிஸ் ரெடிங். அன்று பாடியது ‘தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்’. மூன்று ஆண்டுகளுக்குள் அவர், ஊதுவாத்தியக்காரர்களுக்குத் தம் வாயாலேயே மெட்டைப் பாடிக்காட்டி வாசிக்கவைத்து, ‘ஓடிஸ் புளூ’ என்ற முழு நீளத் தட்டை ஏறத்தாழ ஒரே நாள் இரவு பகலில் முடித்துக் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார். இடையிலே சில மணி நேரம் மட்டும் வேலை நின்றது. வாத்தியக்காரர்கள் அன்றிரவு உள்ளூர்க் கச்சேரிகளில் வாசித்துக் கூலி வாங்கவேண்டியிருந்தது.

மளிகைக் கடைப் போர்ட்டரும், இறைச்சித் தொழிற்சாலையில் உழைத்து வந்த ஐஸக் ஹேஸும் பாட்டுக் கட்டும் இரட்டையராயினர். அட்லாண்டிக் இரவல் கொடுத்த ஸாம், டேவ் என்னும் இரு பாடகர்களுக்கு அவர்கள் கட்டிய ‘சோல் மேன்’ 1967இல் நாடெங்கும் ஒலித்தது. அவ்வாண்டு டெட்ராய்ட் கலவரத்தில் கறுப்பினத்தார் தங்கள் கடைகளை எரியாமல் காக்கக் கதவிலே ‘சோல்’ என்று எழுதிவைத்ததைத் தொலைக்காட்சியிலே கண்டதுதான் அப்பாட்டுக்கு வித்து என்று ஹேஸ் சொல்லியிருக்கிறார். கூடிப் பாட்டுக் கட்டுவதற்கு ஓர் இடம் வேண்டுமே. இரு இனத்தாரும் ஒன்றாகத் தங்குவதற்குத் தடையில்லாததும், நீச்சல் குளம் உடையதுமான ஒரு விடுதி அவ்வூரில் இருந்தது. கறுப்பினத்தவரான வால்டர் பெய்லி நடத்திய லொரேன் மோட்டல் அது. ‘நாக் ஆன் வுட்’, ‘இன் தி மிட்நைட் ஹவர்’ ஆகிய பாட்டுக்கள் அந்த விடுதியின் அறைகளில் உருவானவை.

இனிப் பத்திரத்துக்கு வருகிறேன். கை குலுக்கலில் நடந்துவந்த ஏற்பாட்டுக்கு எழுத்து வேண்டும் என்று 1965 மே 17ஆம் தேதி ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. கேட்டவரும் ஸ்டூவர்ட்தான். நாளைக்கு வெக்ஸ்லர் அட்லாண்டிக்கை விட்டுப் போய்விட்டால் தம் கதி என்ன என்ற பயத்தினால், அவர் தம் பங்கை விற்றால் தாமும் விலகிக்கொள்ளலாம் என்ற ஷரத்தை வற்புறுத்தி எழுதச்செய்தார். அந்த ஒரு ஷரத்தின்மேல் வைத்த கண்ணை அவர் மற்றவற்றின்மேல் வைக்கவில்லை, வக்கீலிடம் காட்டவுமில்லை. பல ஆண்டு பழகிய சிநேகிதர் அனுப்பிய தாளை வரி வரியாகப் படிப்பது மரியாதைக் குறைவு என்றுகூட அவர் எண்ணியிருக்கலாம். நம் ஊரில் அண்ணன் நீட்டிய பத்திரத்தில் தம்பி கையெழுத்திடுவது எப்படியோ அப்படி.

1967 அக்டோபரில் அட்லாண்டிக்கை வார்னர் பிரதர்ஸ் செவன் ஆர்ட்ஸ் கம்பெனி 1.75 கோடி டாலருக்கு வாங்கிற்று. அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி, விஸ்கான்சின் மாகாணத்து மாடிஸன் நகருக்குக் கச்சேரிக்குச் சென்ற சிறு விமானம் மொனோனா ஏரியின் குளிர்ந்த நீரில் வீழ, 26 வயதேயான ஓடிஸும், அவருக்கு வாசித்த பார்கேஸ் என்னும் பிள்ளைகளின் குழுவிலே நால்வரும் மாண்டனர். டிரம்பெட் வாசித்த பென் காலி ஒருவரே நீரிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டார். பேஸ் கிதார் வாசித்த ஜேம்ஸ் அலெக்ஸாண்டர் அந்த விமானத்தில் இடமில்லாமல் வேறு விமானத்தில் வந்ததால் தப்பினார். சில நாட்களுக்கு முன்பு ஓடிஸ் பாடிவிட்டுச் சென்றிருந்த ‘டாக் ஆஃப் தி பே’ என்ற பாட்டுக்கு, நண்பரின் சடலம் கிடைப்பதற்கு முன்னரோ பின்னரோ என்று எண்ணிப் பார்க்கவும் மனம் கூசும் அந்த நாட்களில், அலையோசையையும் கடற்பறவைகளின் குரலையும் சேர்த்துக் க்ராப்பர் முடித்துக்கொடுத்தார். பாடியவர் இறந்தபின் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் பாட்டு அதுவே.

வெக்ஸ்லர் தம் பங்கை விற்றுவிட்டார். ஆகவே ஸ்டூவர்ட் வற்புறுத்தி எழுதிய ஷரத்து உயிர் பெற்றது. புதிய முதலாளிகள் காட்டிய நிபந்தனை பிடிக்காமல் விலகிக்கொள்ளத் துணிந்த ஸ்டூவர்ட், விலகும்பொழுது எடுத்துச்செல்ல வேண்டியவை எவை என்று பத்திரத்தை விரித்துப் பார்த்த அன்றைக்குத்தான், அட்லாண்டிக் விநியோகித்த ஒவ்வொரு தட்டின் மூலநாடாவும் சகல பாத்தியதைகளுடன் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்ற வாசகத்தை வாசித்தார். ‘ஜீ விஸ்’ போயிற்று, ‘கிரீன் ஆனியன்ஸ்’ போயிற்று, ஓடிஸ் பாடி விற்ற அத்தனையும் போயிற்று. இரவலாக வந்த ஸாமும் டேவும் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பினர். அப்படி ஒரு வாசகம் இருந்தது தமக்கே தெரியாது, எழுதியவர்கள் வக்கீல்கள் என்று வெக்ஸ்லர் பிற்காலத்திலே சாதித்தார். நம்புவோர் நம்பலாம், நடனம் ஆடிக்காட்டிய அந்த மனிதரை முழு வஞ்சகர் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை என்றாலும், நாடாக்கள் திரும்பி வரவில்லை என்பதும் மறைக்க இயலாத உண்மை.

இந்த இடியின் நடுவே மற்றோர் இடி. குப்பை அள்ளும் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவளிக்க மெம்பிஸுக்கு வந்து லொரேன் மோட்டலில் தங்கியிருந்த மார்ட்டின் லூதர் கிங், 1968 ஏப்ரல் 4ஆம் தேதி மாலை அவ்விடுதியின் மாடி முகப்பில் நின்றபொழுது சுட்டுக் கொல்லப்பட்டார். பாட்டுக் கட்டிய அறைகள் இருந்த அதே விடுதி. அதன்பின் நடந்த கலவரத்தில் சுற்றிலும் கடைகள் எரிந்தபொழுது சரிந்த தரைக் கொட்டகைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால், உள்ளே இருந்தவர்களுக்கிடையே அதுவரை யாரும் பேச வேண்டியிராத ஒன்று அன்றுமுதல் பேச்சின் அடியில் இருந்துகொண்டே இருந்தது. ஹேஸ் பல மாதங்கள் ஒரு பாட்டும் கட்டவில்லை.

நாடா இல்லை, ஓடிஸ் இல்லை, ஸாமும் டேவும் இல்லை. மிஞ்சியது ஒரு பெயரும் ஒரு கொட்டகையும். ஸ்டாக்ஸைக் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெருங்கம்பெனிக்கு விற்ற ஸ்டூவர்ட், நடத்தும் பொறுப்பை அல் பெல் கையில் விட்டார். ஆர்கன்ஸா மாகாணத்தில் வளர்ந்து, வானொலி அறிவிப்பாளராகப் புகழ்பெற்று, 1965இல் விற்பனைக்காகச் சேர்ந்த இக்கறுப்பினத்தவர், பழைய சரக்கு இல்லாத கம்பெனிக்கு ஒரே நாளில் பழைய சரக்கை உண்டாக்குவது எப்படி என்று சிந்தித்து, 1969இல் ஒரே மூச்சில் 27 முழு நீளத் தட்டுக்களை வெளியிட்டார். வியாபார விவேகிகள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றிருப்பர். அந்த 27இல் ஒன்று, கணக்கைப் பூர்த்திசெய்ய ஹேஸ் தம் இஷ்டப்படி செய்துகொடுத்த ‘ஹாட் பட்டர்ட் சோல்’. மொத்தமே நான்கு பாட்டு. ஒன்று 18 நிமிஷத்துக்கு மேல். அதில் பாதி, பாடாமல் தாழ்ந்த குரலில் பேசும் கதை. ஏரியில் நால்வரை இழந்தபின் அலெக்ஸாண்டரும் காலியும் புதிதாகத் திரட்டிய பார்கேஸ் குழுவே அதற்கு வாசித்தது. மூன்று நிமிஷப் பாட்டையே வானொலி ஏற்கும் என்ற காலத்தில் அத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1972இல் ‘ஷாஃப்ட்’ படத்துப் பாட்டுக்காக ஹேஸ் ஆஸ்கர் பெற்றபொழுது, பாட்டுக்கான அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

எஸ்டெல் அம்மையார் 1969இலேயே பெல்லுடன் ஒத்துப்போகாமல் தம் பங்கை வாங்கிக்கொண்டு விலகிவிட்டார். பிற்பாடு 1976இல் அவருடைய சிறு கம்பெனி முதலில் வெளியிட்ட ‘டிஸ்கோ டக்’ என்ற வாத்துப் பாட்டு தேசமெங்கும் முதலிடம் பெற்றது. ரசனையைப் பற்றி நான் பேசவில்லை. கடையில் நின்று பிள்ளைகளின் காலைப் பார்த்த கண் மங்கவில்லை என்பதற்குச் சொன்னேன்.

1972 ஆகஸ்ட் 20ஆம் தேதி லாஸ் ஏஞ்ஜலிஸ் கொலீஸியத்தில் நடந்த வாட்ஸ்டாக்ஸ் விழாவே கம்பெனியின் உச்சம். 1965இல் 34 பேர் உயிரிழந்த வாட்ஸ் கலவரத்தை நினைவுகூர்ந்து நடந்த அவ்விழாவுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். காற்பந்து ஆட்டத்துக்காகக் காக்கப்பட்ட புல்தரையில் ஜனங்கள் வேலி தாண்டி இறங்கி ஆடத் தொடங்கியபொழுது, ஆயுதமேந்திய காவலரை அழைக்காமல், இளஞ்சிவப்பு அரைக்கால் சட்டையுடன் மேடையில் நின்ற ரூஃபஸ் தாமஸ் கேலி பேசிக் கேலி பேசியே அத்தனை பேரையும் இருக்கைக்குத் திருப்பி அனுப்பினார். துணி ஆலையில் உழைத்தவர், 55 வயது. அக்காட்சி திரைப்படமாக எடுக்கப்பட்டிருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள்.

இறக்கத்தை விரைவாகவே சொல்லிவிடுகிறேன். அவ்வாண்டு பெல், ஸிபிஎஸ் என்ற மாபெரும் கம்பெனியுடன் விநியோக ஒப்பந்தம் செய்து, அதில் வந்த கடனைக்கொண்டு, கல்ஃப் அண்ட் வெஸ்டர்னிடமிருந்து இதற்குள் மீட்கப்பட்டிருந்த கம்பெனியில் ஸ்டூவர்ட்டுக்கு இருந்த பங்கையும் வாங்கினார். ஒப்பந்தத்தை விரும்பிச் செய்த ஸிபிஎஸ் தலைவர் கிளைவ் டேவிஸ் 1973 மே மாதம் பதவி இழந்தார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு ஸ்டாக்ஸ்மேல் பற்றில்லை. தட்டுக்கள் கிடங்கிலே தேங்கின, கடைகளில் கேட்டவர்க்குக் கிடைக்கவில்லை, பணமும் வரவில்லை. இம்முறையும் ஒரு மனிதரை நம்பி ஒப்பந்தம், அம்மனிதர் போனதும் தாள் மட்டும் மிச்சம். கம்பெனி யூனியன் பிளாண்டர்ஸ் வங்கியில் கடனுக்குமேல் கடன் வாங்கிற்று. ஆம், எஸ்டெல் அம்மையார் முன்பு வேலை பார்த்த அதே வங்கி. விலகிப்போயிருந்த ஸ்டூவர்ட் திரும்பி வந்து தம் சொந்தச் சொத்தையும் வீட்டையும் ஈடாக வைத்தார். 1975 அக்டோபர் 1ஆம் தேதி அல் ஜாக்சன் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 19ஆம் தேதி, திவால் உத்தரவுடன் வந்தவர்கள் கொட்டகையைப் பூட்டினர். வங்கியை மோசம் செய்ததாகப் பெல்மேல் சாட்டப்பட்ட வழக்கில் அவர் 1976இல் குற்றமற்றவர் என விடுதலையானார்; விடுதலை ஆனவருக்குத் திரும்பிச் செல்லக் கம்பெனி இல்லை. ஸ்டூவர்ட் வீட்டை இழந்தார். ஹேஸும் கடனாளியானார்.

1968க்குப் பின் பதிவான நாடாக்களை 1977இல் ஃபாண்டஸி என்ற கம்பெனி வாங்கிற்று. ஆக, ஒரே கொட்டகையில் பிறந்த பாட்டுக்கள் இன்றளவும் இரண்டு குடும்பங்களிலே வளர்கின்றன. ஓடிஸ் பாடியது ஒரு வீட்டில், ‘ஷாஃப்ட்’ வேறொரு வீட்டில். கட்டடத்தை வங்கி ஒரு தேவாலயத்துக்கு 10 டாலருக்குக் கொடுத்தது. 1989இல் அது இடிக்கப்பட்டது. பலர் வந்து செங்கல் பொறுக்கிச் சென்றனர். வெறும் புல் முளைத்துப் பல ஆண்டு கிடந்த அம்மனையில், வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் பள்ளி ஒன்றும், பழைய கொட்டகையின் வடிவிலேயே ஓர் அருங்காட்சியகமும் எழுந்தன. அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 2003 மே மாதம். சமப்படுத்தப் பணமில்லாமல் 1960இல் விடப்பட்ட சரிவை இம்முறை கட்டடக் கலைஞர்கள் அளந்து, பணம் செலவழித்து, அதே கோணத்தில் கட்டியிருக்கிறார்கள்.

ஸ்டூவர்ட் நீண்ட காலம் வெளியே தலைகாட்டவே இல்லை. பாராட்டு விழாக்களுக்குப் பேத்தியை அனுப்பிவைத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவார். 2018இல், 88 வயதை நெருங்கிய நிலையில், அவர் ஒரு முறை அந்தக் கட்டடத்துக்கு வந்தார். சாட்டலைட் என்ற பெயரும் ஆம்பெக்ஸ் யந்திரமும் வருவதற்கு முன்னர், வங்கி வேலை முடிந்த மாலைகளிலே தாம் வாசித்த பிடிலைக் கொண்டுவந்து அருங்காட்சியகத்தாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.